கடல் கடந்தோரும் உடல் ஓம்பலும்

பொருள் தேடும் பொருட்டுக் கடல் கடத்தல் தமிழ் பேசும் மக்களுக்குப் புதிதன்று. ஆயினும் முன்னாளில் வணிகருட் சிலர் செய்ததனை இந்நாளில் எல்லாத் தொழிலினரும் செய்கின்றனர். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் முதலாய எம் பகுதி ஊர்களில், வெளிநாட்டுழைப்பால் எழுந்த வீடுகளை ஒவ்வொரு தெருவிலுங் காணலாம். 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உயர்ந்த பின்னர் வளைகுடா நாடுகள் தொழிலாளரை வேண்டி நின்றன. அன்று திறந்த வாயில் இன்னும் அடைபடவில்லை. இக்கல்லூரியின் பழைய மாணவரோ வளைகுடாவில் மட்டுமன்றி இலண்டன், தொறன்ரோ, சிட்னி, மெல்பேர்ண் ஆகிய நகரங்களிலும் பரந்து வாழ்கின்றனர். இம்மலர் அவர்தம் கைகளையும் அடையும்.

மலர்க்குழுவினர் எம்மிடங் கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியர் என்ற முறையில் இலக்கியப் பொருளொன்றையே எழுத எண்ணினோம். பின்னர் அவ்வெண்ணத்தை மாற்றிக் கொண்டோம். காரணம் இதுவே: இலக்கியத்தை எம்மினும் வல்லார் பலர் எழுதுவர். புதிய நகரொன்றிற் குடிபுகுந்த மனிதன் தன் உடலை எவ்வாறு இழக்கின்றான், எவ்வாறு மீட்கலாம் என்பதனை யாம் எமது உடலிலேயே கற்றோம். கற்றதனைப் பிறர்க்குரைத்தல் ஆசிரியர் கடன்.

யாம் கற்றவாறு

2022ஆம் ஆண்டில் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தபோது, அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறை பெற்று வெளிநாட்டில் தொழில் புரிவதற்கு அரசு இடமளித்தது. மாதச் சம்பளம் பாதி மாதத்திற்கும் போதாதிருந்த அக்காலத்தில், யாமும் அவ்விடுமுறையைப் பெற்றுக் கட்டார் நாட்டின் தலைநகராகிய டோஹாவுக்குச் சென்றோம். அங்கு எமக்குக் கிடைத்தது களஞ்சியமொன்றிற் கணக்கெழுதும் வேலை. வாசலுக்கு வரும் வண்டியில் ஏறுவோம். மின்தூக்கியில் மாடிக்குச் செல்வோம். குளிரூட்டிய அறையிற் பத்து மணிநேரம் கணினியின் முன் அமர்ந்திருப்போம். மீண்டும் வண்டி, மீண்டும் அறை, மீண்டும் கட்டில். உணவு கடையிலிருந்து வரும். பிரியாணி, பரோட்டா, குப்பூஸ், இவற்றோடு நாளொன்றுக்கு இரண்டு மூன்று குளிர்பானங்கள். ஊரிலிருந்து புறப்படும்போது 62 கிலோவாக இருந்த எம் எடை பதினான்கு திங்களில் 73 கிலோவாயிற்று. வீட்டார் படத்தைப் பார்த்து, ‘வெளிநாட்டுச் சாப்பாடு நன்றாய்ப் பிடித்திருக்கிறது’ என்று மகிழ்ந்தனர். யாமும் மகிழ்ந்தோம். எம்மவரிடையே பருத்த உடல் செல்வத்தின் அடையாளமன்றோ!

அம்மகிழ்ச்சி 2023ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் முடிவுற்றது. எம்முடன் ஒரே அறையில் உறைந்தவர்களுள் ஒருவர் எம் கரையோரத்தைச் சேர்ந்த சாரதி. நாற்பத்துமூன்று வயதினர். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் வண்டியில் அமர்ந்திருப்பவர். இளமையில் உதைபந்தாட்டத்திற் பெயர் பெற்றவர். ஒருநாள் வைகறையில் நெஞ்சு நோகின்றது என்றார். வாயுவாயிருக்கலாம் என்று இஞ்சித்தேநீர் போட்டுக் கொடுத்தோம். அரை மணிநேரம் அவ்வாறே கழிந்தது. வைத்தியசாலையை அடையுமுன் அன்னாரின் உயிர் பிரிந்தது. அவர் மரணத்திற்கு அமர்ந்த தொழிலே காரணம் என்று தீர்ப்புரைக்க யாம் வைத்தியரல்லோம். ஆயினும் இரண்டு செய்திகளை அன்று அறிந்தோம். நெஞ்சுநோவின்போது அரை மணிநேரம் என்பது சிறிய பொழுதன்று என்பது ஒன்று. மறுவாரம் யாம் இரத்தப் பரிசோதனை செய்வித்தபோது, வெறுவயிற்றில் எமது சீனியின் அளவு 118 மில்லிகிராம் என வந்தது மற்றொன்று. நூறுக்கு மேற்படின் அது நீரிழிவின் வாயிற்படி என்றார் வைத்தியர்.

அன்னாரின் மகள் ஊரில் எம்மிடம் ஒன்பதாந் தரத்திற் பயின்றவள். யாம் ஊர் திரும்பிய பின் அவள் எம்மை வினவியது ஒன்றே: ‘வாப்பா அங்க சந்தோசமா இருந்தாரா, சேர்?’ ஆம் என்றோம். அது பொய்யன்று. அவர் எந்நேரமும் சிரிப்பவர். ஆயின் அவள் கேளாத வினா ஒன்றும் உண்டு. அதற்குரிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஊரில் உழைப்பு, நகரில் இருக்கை

எம்மூரில் உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேளாமலே மக்கள் நாள்முழுதும் பயிற்சி செய்கின்றனர். கரைவலை இழுப்போன் மணலிற் காலூன்றிப் பின்னோக்கி நடக்கின்றான். வயலில் வரம்பு கட்டுவோன் குனிந்து நிமிர்கின்றான். மருதமுனைத் தறியில் நெய்வோர் கையுங் காலும் ஓயாது இயங்குகின்றன. ஆசிரியராகிய யாமோ வகுப்பறையில் ஐந்து மணிநேரம் நின்றும் நடந்தும் கற்பிக்கின்றோம். கடைக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் கால்நடையாகவோ துவிச்சக்கரவண்டியிலோ செல்கின்றோம். இவ்வுழைப்பை யாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பாராத வரவு, நின்றபோதும் எண்ணப்படுவதில்லை. வெளிநாடு சென்றவன் சம்பளத்தைக் கணக்கிடுகின்றான். இழந்த அடிகளைக் கணக்கிடுவதில்லை.

இழப்பு எவ்வளவு சிறிதாயினும் நாளடைவிற் பெரிதாகும் என்பதற்கு ஒரு கணக்குக் காட்டுவோம். 330 மில்லிலீற்றர் கொண்ட இனிப்புக் குளிர்பானத் தகரமொன்றில் ஏறக்குறைய 35 கிராம் சீனி உண்டு. அஃதாவது ஏழு தேக்கரண்டி. அதனாற் கிடைக்கும் சக்தி 140 கிலோகலோரி அளவினது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதனைச் செலவிட மூன்று கிலோமீற்றர் அளவு நடத்தல் வேண்டும். யாம் நாள்தோறும் அருந்திய மூன்று தகரங்களுக்கு ஒன்பது கிலோமீற்றர் நடந்திருத்தல் வேண்டும். யாம் நடந்ததோ வண்டிக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட தூரமே.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். வெளிநாடு சென்றோர் அனைவர்க்கும் பயிற்சி குறைவு என்று யாம் கூறவில்லை. வெயிலிற் கட்டடம் எழுப்புவோரும், பிறர் வீட்டிற் புலரியிலிருந்து நள்ளிரவு வரை பணிபுரியும் எம் சகோதரிமாரும் அளவுக்கு மிஞ்சியே உழைக்கின்றனர். அவர்க்கு வேண்டுவது ஓய்வும் நீரும் நித்திரையுமேயன்றி மேலும் ஓட்டமன்று. இக்கட்டுரை சாரதிகள், கந்தோர்ப் பணியாளர், காவலாளிகள், கடைச் சிப்பந்திகள், கணவரோடு சென்று மாடிவீட்டினுள் அடைபட்ட பெண்கள், மாணவர் ஆகியோர்க்கே பெரிதும் உரியது.

அறிஞர் ஆய்வுகள் கூறுவன

அமர்ந்த தொழிலின் தீங்கை முதன்முதல் அளந்து காட்டியோருள் ஜெரி மொரிஸ் என்னும் பிரித்தானிய வைத்திய அறிஞர் தலையாயவர். அவர் இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ்களிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டார். சாரதியும் நடத்துனரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஒரே ஊரிற் பணியாற்றுவோர். சாரதி நாள்முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துனரோ சீட்டுக் கொடுக்கும் பொருட்டு நாளொன்றுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறுவார். நடத்துனர்க்கு மாரடைப்புக் குறைவாகவே வந்தது. வந்தபோதும் உடனடி மரணம் குறைவாயிருந்தது. சாரதிகள் தொழிலிற் சேரும்போதே பருத்த இடையினராய் இருந்தனர் என்பதனையும் அவரே பின்னர் சீருடை அளவுகளைக் கொண்டு கண்டறிந்து கூறினார். ஆதலின் எல்லாம் இருக்கையின் குற்றமன்று. ஆயினும் அதன்பின் எழுந்த எண்ணற்ற ஆய்வுகள் அவர் கருத்தின் மையத்தை உறுதி செய்தன. அவ்வறிஞர் முதுமையிலும் நடைப்பயிற்சியைக் கைவிடாது, 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

இடம் பெயர்தலே உடலை மாற்றும் என்பதற்கு யப்பானியர் சான்றாவர். யப்பானிலும், ஹவாய்த் தீவிலும், கலிபோர்ணியாவிலும் வாழ்ந்த யப்பானிய ஆடவரை ஒப்புநோக்கும் ஆய்வு 1965ஆம் ஆண்டிற் தொடங்கிற்று. ஒரே இரத்தத்தினர், எனினும் இருதயநோய் தாய்நாட்டிற் குறைவாகவும், ஹவாயில் அதனிற் கூடுதலாகவும், கலிபோர்ணியாவில் மிகுதியாகவுங் காணப்பட்டது. 1976இல் வெளியான அதன் ஒரு பகுதி மேலும் வியப்புடையது. கலிபோர்ணியாவில் வாழ்ந்தோருள்ளும், தம்மவரோடு கூடி மரபுவழி நெருங்கி வாழ்ந்தோர்க்கு அந்நோய் குறைவாயிருந்தது. உணவு, புகைத்தல் முதலியவற்றைக் கழித்துக் கணக்கிட்டபோதும் இவ்வேறுபாடு மறையவில்லை. கூட்டுறவும் ஒரு மருந்து என்பது இதனாற் பெறப்படும்.

எம்மவர்க்குத் தனித்ததோர் இடரும் உண்டு. தென்னாசியர் உடலில் கொழுப்பு வயிற்றிலேயே விரைந்து சேரும். ஐரோப்பியரினும் குறைந்த எடையிலேயே நீரிழிவு வந்துவிடும். ஆதலின், எடையைக் கிலோவிற் கணித்து உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வரும் எண் ஐரோப்பியர்க்கு 25 வரை ஏற்புடையதாயின், ஆசியர் 23ஐக் கடக்கும்போதே விழிப்படைதல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் 2004இற் கூறினர். தென்னாசிய ஆடவர்க்கு இடைச்சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்டிர்க்கு 80ஐயும் எட்டுதல் ஆகாது. தையற்காரரின் நாடா ஒன்றே இதற்குப் போதும். எமது இடை அன்று 97 ஆக இருந்தது.

மீட்சி உண்டோ எனின், உண்டு. சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. நீரிழிவின் வாயிற்படியில் நின்ற 531 பேர் அதிற் பங்குகொண்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோருள் மூன்றாண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளராயினர். நாள்தோறும் அரை மணிநேரம் நடந்தும் உணவைத் திருத்தியும் வாழுமாறு பயிற்றப்பட்டோருள் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. மாத்திரை உண்டோர் பெற்ற பயனும் ஏறக்குறைய அவ்வளவே. தமிழர் நடுவே செய்யப்பட்ட ஆய்வாதலின் இதனை யாம் அயலார் கதையென்று ஒதுக்கவியலாது.

நடை எவ்வாறு மருந்தாகின்றது? இயங்குந் தசை தனக்கு வேண்டிய சக்திக்காக இரத்தத்திலுள்ள சீனியைத் தானே ஈர்த்துக் கொள்கின்றது. அவ்வேளையில் இன்சுலினின் உதவி அதற்குச் சிறிதே போதும். ஆகவே சோறுண்டவுடன் கட்டிலை நாடாது பத்துப் பதினைந்து நிமிடம் உலாவுவோமாயின், உணவுக்குப்பின் உயருஞ் சீனி தணியும். உண்டது அற்றபின் அளவறிந்து உண்க என்னுங் கருத்தைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வலியுறுத்துவதனைப் பல்லாண்டு மாணவர்க்கு விளக்கிய யாமே அதனை மறந்திருந்தோம்!

இலண்டனில் ஒரு மாணவன்

புதிய நகரில் உடலைக் காத்தவர்க்கு முன்மாதிரி தேடுவோர் காந்தியடிகளை நினைத்தல் தகும். அவர் 1888ஆம் ஆண்டிற் சட்டம் பயில இலண்டனுக்குச் சென்றபோது பத்தொன்பது வயதும் நிரம்பாத இளைஞர். குளிர் மிக்க நாடு, ஊன் உண்ணார், கையிற் பணமுங் குறைவு. செலவைச் சுருக்க எண்ணியவர், செல்ல வேண்டிய இடங்கட்கு நடந்தே செல்லத்தக்க தூரத்தில் அறையை அமர்த்திக் கொண்டார். இவ்வாறு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மைல் வரை நடந்தார். அந்நடைப் பழக்கமே தம்மை அந்நாட்டில் நோயினின்றும் பெரும்பாலும் காத்து உடலுக்கு உறுதி தந்தது எனச் சத்திய சோதனையிற் பின்னர் எழுதினார். இதிற் பாடம் யாது? அவர் நடப்பதற்கென்று நேரம் ஒதுக்கினாரல்லர்; வாழ்க்கையையே நடக்கும்படி அமைத்துக் கொண்டார். அறை தேடும்போதே ‘இங்கிருந்து எவ்விடங்கட்கு நடந்து செல்லலாம்?’ என வினவும் ஒருவன் பாதி வெற்றி பெற்றவனாவான்.

எவ்வளவு செய்தல் வேண்டும்?

2020ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிப்படி, வளர்ந்தோர் வாரமொன்றுக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பையோ, 75 முதல் 150 நிமிடம் வரை கடுமையான உழைப்பையோ செய்தல் வேண்டும். வாரத்தில் இருநாளேனும் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும். மிதமானது எது எனின், நடக்கும்போது பேச இயலும், பாட இயலாது என்னும் நிலையே அதன் அளவுகோல். ஒரே தொடர்ச்சியாகச் செய்தல் வேண்டுமென்பதில்லை. சிறுசிறு பொழுதுகளாகச் சேர்ப்பினும் பயனுண்டு.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்பது பலர் வாயிலும் வழங்குகின்றது. இது வைத்தியர் வகுத்த விதியன்று. 1965ஆம் ஆண்டில் யப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவியொன்றுக்கு ‘பத்தாயிர அடிமானி’ எனப் பொருள்படும் பெயரிட்டனர், அப்பெயரே விதியாகிவிட்டது. முதிய பெண்டிரிடை நடத்திய ஆய்வொன்றில் ஏழாயிரத்தைந்நூறு அடிக்குமேற் பயன் அதிகம் கூடவில்லை என 2019இற் கண்டனர். ஆகவே பத்தாயிரம் இயலவில்லையே என்று ஒன்றுஞ் செய்யாதிருத்தல் அறியாமை. ஈராயிரம் நடப்பவன் நாலாயிரம் நடப்பின் அதுவே பெரும்பேறு.

வெப்ப நாட்டிற்கு உரியன

வளைகுடாவிற் கோடையில் வெப்பம் 40 பாகையை எளிதிற் கடக்கும். எங்கள் கடற்கரை வெயிலைக் கண்டவர்க்கு அது புதிதன்று எனக் கருதிப் புறப்படுவோர் ஏமாறுவர். உடல் புதிய வெப்பத்திற்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரமாகும். அதுவரை வியர்வை பெருகும் முறையும் இருதயத்தின் ஓட்டமும் ஒழுங்குபடுவதில்லை. புதிதாக வெயிலில் வேலைக்கு வருபவர் முதனாளில் ஐந்தில் ஒரு பங்கே உழைத்து, பின் நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டுதல் வேண்டும் என்பது தொழிற்சுகாதார வல்லுநர் கூறும் முறை. நடைப்பயிற்சிக்கும் அதுவே பொருந்தும். கட்டார் அரசு 2021ஆம் ஆண்டில் இயற்றிய விதிப்படி, ஆனி முதலாந் திகதி தொடக்கம் புரட்டாதி 15 வரை, அஃதாவது யூன் முதல் செப்தெம்பர் நடுப்பகுதி வரை, காலை 10 மணி தொடக்கம் மாலை 3.30 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கலாகாது. தொழிலாளர்க்கே விலக்கப்பட்ட வெயிலில் உலாவச் செல்வோன் அறிவுடையவனல்லன். வைகறையும் இரவுமே நடைக்குரிய பொழுதுகள்.

வெயிலில் உழைப்போர் தாகம் எடுக்கும்வரை காத்திராது கால்மணிக்கொரு குவளை நீர் அருந்துக. தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு ஆகியன தோன்றின் உடனே நிழலுக்குச் செல்க. மனங் குழம்பிப் பேச்சுத் தடுமாறின் அது உயிருக்கு இறுதி காட்டும் வெப்பத்தாக்கு. உடலை நீரால் நனைத்து விசிறிக் கொண்டே வைத்தியவண்டியை அழைத்தல் வேண்டும். கட்டாரில் அதற்குரிய எண் 999. நெஞ்சுநோவுக்கும் அவ்வெண்ணே உரியது. இஞ்சித்தேநீர் அன்று. நோன்பு நோற்போர் நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னர் மெல்ல நடப்பதோ, இரவுத் தொழுகையின் பின் நடப்பதோ நன்று.

குளிர் நாட்டிற்கு உரியன

தொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் நண்பர்க்கு இடர் வேறு. அங்கு மாரிக்காலத்திற் பகல் குறுகி வீதி வழுக்கும். ஒரு தடித்த அங்கியினும் மெல்லிய ஆடைகள் சிலவற்றை ஒன்றன்மேலொன்றாய் அணிதல் நடைக்கு ஏற்றது. வியர்த்தால் ஒன்றைக் களையலாம். பனி உறைந்த நாளில், பெரிய அங்காடிக் கட்டடங்களின் உட்புறத்தில் காலைவேளையில் முதியோர் உலாவுதல் கனடாவில் வழக்கம். நகரசபைகளின் சமூக நிலையங்களில் நீச்சற்குளமும் உடற்பயிற்சி மண்டபமும் உள. தொறன்ரோவில் வருமானங் குறைந்தோர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கேட்டறிதற்கு நாணுதல் வேண்டா. இங்கிலாந்தில் வெயில் குறைந்த இலையுதிர் காலத்திலும் மாரியிலும் யாவரும் விற்றமின் டீ 10 மைக்ரோகிராம் நாள்தோறும் கொள்ளுமாறு 2016 முதல் அறிவுறுத்தப்படுகின்றது. எம்மைப் போன்ற கருநிறத்தார் ஆண்டு முழுதுங் கொள்ளுதலை எண்ணிப் பார்த்தல் நன்று.

அந்நாட்டிற் தோன்றிய நல்வழக்கு ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். 2004ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் இலண்டனின் புஷி பூங்காவிற் பதின்மூன்று பேர் ஒன்றுகூடி ஐந்து கிலோமீற்றர் ஓடினர். அதுவே ‘பார்க்ரன்’ என்னும் பெயரால் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. சனிக்கிழமை காலை யாரும் கட்டணமின்றிச் சேரலாம். ஓட இயலாதோர் நடக்கலாம். புதிய நகரில் அறிமுகமற்றவனுக்கு உடலும் நட்பும் ஒருங்கே கிடைக்குமிடம் அது.

சிற்றறையிற் செய்யத்தக்கன

ஆறு கட்டில் கிடக்கும் அறையில் யாது செய்வது என்று வினவுவர். கட்டிலின் நீளமளவு நிலம் போதும். சுவரிற் கையூன்றித் தள்ளுதல், நாற்காலியில் அமர்ந்தெழுதல், படியேறல், நீர்ப்போத்தல்களைத் தூக்குதல் ஆகிய நான்கும் தசைகளை வலுப்படுத்தும். யாம் பெரிதும் நம்பியது தோப்புக்கரணம். வீட்டுப்பாடம் எழுதாத மாணவர்க்கு முன்னாளில் யாம் அதனைத் தண்டனையாக விதித்ததுண்டு. டோஹாவில் நாள்தோறும் முப்பது முறை யாமே செய்தோம். முதல் வாரத்திற் பத்துக்கு மேல் இயலவில்லை. அன்று எம் மாணவர் கண்டிருப்பின் பெரிதும் மகிழ்ந்திருப்பர்! மூட்டுநோவு, இருதயநோய், உயர் இரத்தவழுத்தம் உடையோரும், நீரிழிவுக்கு மருந்துண்போரும் வைத்தியரைக் கேட்டே எதனையுந் தொடங்குக.

எனினும் தனியே தொடங்கியது எதுவும் எம்மிடம் நிலைக்கவில்லை என்பதனை ஒப்புக்கொள்கின்றோம். இருமுறை தொடங்கி இருமுறை விட்டோம். மூன்றாம் முறை எம்மைக் காத்தது ஓர் அழைப்பு. சாரதியார் மறைந்து சில வாரஞ் சென்றபின், அவரோடு நெருங்கிய நிந்தவூர் இளைஞர் ஒருவர் வந்து, ‘சேர், வெள்ளிக்கிழமை விடியச் சுபஹுத் தொழுதிட்டு நாங்க கோர்ணிஷுக்கு நடக்கப் போறம். காக்காட பேரால ஒருநாளாவது நீங்களும் வாங்க’ என்றார். டோஹாக் கடற்கரையோரமாக ஏழு கிலோமீற்றர் வளைந்து செல்லும் நடைபாதையே கோர்ணிஷ். முதனாள் நால்வர் சென்றோம். பாதி தூரத்தில் யாம் அமர்ந்துவிட்டோம். சில திங்களிற் பதினொருவராயினோம். தமிழரும் முஸ்லிம்களும், சாரதிகளும் கணக்கரும். ஒருவர் வாராவிடில் மற்றவர் அறைக்கதவைத் தட்டுவர். கட்டாரில் 2012ஆம் ஆண்டு முதல் மாசியில் வரும் இரண்டாஞ் செவ்வாய்க்கிழமை தேசிய விளையாட்டு நாளாகப் பொது விடுமுறை பெறுகின்றது. 2024இல் அந்நாளில் எம் குழுவினர் முழுத்தூரமும் நடந்து முடித்தோம்.

யாம் ஊர் திரும்பியபோது எம் எடை 67 கிலோ. இடை 89 சென்ரிமீற்றர். வெறுவயிற்றுச் சீனி 98. பழைய 62க்கு யாம் மீளவில்லை. மீளுதலும் வேண்டா என்றார் வைத்தியர். குளிர்பானத்தை ஒழித்தது பாதி, நடந்தது பாதி என்பதே எமது கணிப்பு.

முடிவுரை

ஊரில் வாழ்வோர்க்கு இக்கட்டுரை வேண்டா என எண்ணற்க. யாம் திரும்பி வந்து கண்ட கல்முனையும் மாறி வருகின்றது. அரை மைல் தொலைவிலுள்ள கடைக்கும் இளைஞர் மோட்டார் சைக்கிளிற் செல்கின்றனர். மாலையில் மைதானத்தை நாடியோர் கைத்தொலைபேசியை நாடுகின்றனர். புதிய நகரம் எம்மைத் தேடி ஊருக்கே வந்துவிட்டது. ஆதலின் மாணவர்காள், நீவிர் நாளை எந்நாட்டிற்குச் செல்வீராயினும் இங்கு விளையாட்டுத் திடலிற் பழகிய கால்களையும் உடன் கொண்டு செல்க. பெட்டியில் அவற்றுக்கு எடைக்கட்டணம் இல்லை.

கடல் கடந்து வாழும் பழைய மாணவ நண்பர்கட்கு யாம் வேண்டுவது ஒன்றே. நும் ஊழியத்தால் இங்கு வீடுகள் எழுகின்றன, தங்கையர் மணம் பெறுகின்றனர், தம்பியர் கற்கின்றனர். அவையெல்லாம் நும் உடலின்மேல் நிற்கின்றன. இம்மலரை வாசித்து முடித்தவுடன் அடுத்த அறையிலோ அடுத்த வீட்டிலோ உள்ள எம்மவர் ஒருவரின் கதவைத் தட்டி, நாளை விடிய நடக்க வருமாறு அழையுங்கள். அவர் வர மறுப்பின் மறுநாளும் தட்டுங்கள். எம் கதவையும் ஒருவர் அவ்வாறே தட்டினார்.

யூபிலி காணும் எம் கல்லூரித் தாய் நீடு வாழ்க! அவள் மக்கள் எந்நாட்டிலும் நலத்தோடு வாழ்க!